வீட்டைத் தொடாத திண்ணை

கனடாவில் வாழும் நம்மவர்கள், வீட்டின் பின்புறத்திலே மரத்தால் அமைக்கும் மேடையை ‘டெக்’ என்றே அழைக்கின்றார்கள். பத்திரிகை அலுவலகங்களிலே நாற்பது ஆண்டுகள் சொற்களோடு மல்லுக்கட்டிய பழக்கம் என்னை இலகுவில் விடுவதில்லை. இதற்குத் தமிழிலே என்ன சொல் பொருந்தும் என்று யோசித்துப் பார்த்தேன். கப்பலில் இருப்பதை மேற்றளம் என்போம். அது இங்கே ஒத்துவராது. மரமேடை என்றால் ஒலிபெருக்கியும் பொன்னாடையும் நினைவுக்கு வருகின்றன. இறுதியில் ‘மரத்திண்ணை’ என்று எழுதுவதென்று தீர்மானித்தேன். பொருத்தமான வேறு சொல் அறிந்த வாசகர்கள் எழுதினால் மகிழ்வேன்.

எனது ஊர் ஊர்காவற்றுறை. ஆங்கிலத்திலே அதனைக் கயிற்ஸ் என்பார்கள். அப்பெயர் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. யானைகளைக் கப்பலேற்றிய துறையாக அவர்கள் அதனைப் பயன்படுத்தினார்கள். கப்பல் அணையும் மேடையைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லிலிருந்தே கயிற்ஸ் என்ற பெயர் வந்தது. ஆகவே மேடை என்ற பொருளுள்ள ஊரிலே பிறந்தவன் மேடையைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதில் தவறில்லை என்று நினைக்கின்றேன்.

இன்றைக்கு எழுத வந்தது, குளிர் நாட்டிலே குறைந்த செலவில் ஒரு மரத்திண்ணையை எப்படி அமைப்பது என்பது பற்றி. ஆனால் தீவகத்திலே நம் முன்னோர் திண்ணையை எப்படி அமைத்தார்கள் என்பதைச் சொல்லாமல் இதனை விளக்க முடியாது.

எங்கள் தீவுகளில் ஆறு கிடையாது, மலை கிடையாது, காடு என்று சொல்லத்தக்க காடும் கிடையாது. சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய மண். மண்வெட்டியால் ஓரிரு அடி வெட்டினாற் பல இடங்களிலே கல்லில் முட்டும். அந்தக் கல்லும், கடல் தந்த முருகைக்கல்லும், அவற்றைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பும், பனையும்தான் கட்டடப் பொருள்கள். வீட்டுக்கு வேண்டிய வளையும் சிலாகையும் பனையிலிருந்தே வந்தன. பனையின் வயிரம் வெளிப்புறத்தில், உள்ளே சோறு. முதிர்ந்த மரமாகப் பார்த்துத் தறித்து, உட்புறத்தை நீக்கி, கறுத்த வெளிப்புறத்தைச் சிலாகையாக்குவார்கள். எந்த மரம் எத்தனை கூரைக்குக் காணும் என்பதை ஓடாவியார் மரத்தைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

திண்ணைக்கு அத்திவாரம் என்று தனியாக எவரும் கவலைப்பட்டதில்லை. கீழே கல் இருக்கிறது; அதன்மேல் கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து இட்டால் வேலை முடிந்தது. வீட்டுச் சுவரும் திண்ணையும் ஒரே பாறையின் மீது, ஒன்றோடொன்று பிணைந்து நின்றன. அந்தத் திண்ணையிலேதான் கொழும்பிலிருந்து வந்த வீரகேசரியையும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஈழநாட்டையும் எழுத்துக் கூட்டி எங்கள் பாட்டனாருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்பதற்கு எப்போதும் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். தெருவாற் செல்பவரும் ஏறி அமர்ந்து, வெற்றிலை போட்டு, செய்தியைக் கேட்டுவிட்டுப் போவார். திண்ணைக்கு வருவதற்கு எவரும் அனுமதி கேட்டதில்லை.

முருகைக்கல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இலங்கையிலே கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது இப்போது சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கின்றது. அது சரியானதுதான். கடலரிப்பைத் தடுப்பது அந்தக் கல். ஆகவே பழைய முறையை அப்படியே திரும்பச் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கையருகே கிடைப்பது எது, காலடியில் இருக்கும் நிலம் எப்படிப்பட்டது என்ற இரண்டு கேள்விகளையும் அவர்கள் முதலிலே கேட்டுக்கொண்டார்கள் என்பதைத்தான் சொல்ல வருகின்றேன்.

1990, 1991 ஆம் ஆண்டுகளிலே நடந்த படை நடவடிக்கைகளின்போது தீவகத்து மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தார்கள். பல ஆண்டுகளின் பின் திரும்பிச் சென்றவர்கள் கண்ட காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். ஓடு இல்லை, வளை இல்லை, சிலாகை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. கழற்றக்கூடியவை யாவும் கழற்றப்பட்டிருந்தன. போர் முடிந்தபின் 2010 ஆம் ஆண்டிலே எங்கள் வளவுக்குள் நான் கால் வைத்தபோது, பற்றைகளுக்கு நடுவே திண்ணை மட்டும் இருந்தது. கல்லோடு கல்லாகக் கிடந்தமையினால் அதனை எவராலும் எடுத்துச் செல்ல முடியவில்லை.

இனிக் கனடாவுக்கு வருகின்றேன்.

என் மனைவியின் தாயார் நயினாதீவைச் சேர்ந்தவர். நாகபூசணி அம்மன் கோயில் மணியோசை கேட்கும் தூரத்திலே வாழ்ந்தவர். ரொறன்ரோவுக்குக் கிழக்கே நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அவர் வந்து பல ஆண்டுகளாகின்றன. எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் கதவு இருக்கிறது. இழுத்துத் திறந்தால் மூன்று படிகள். அதற்குக் கீழே புல்தரை. முழங்கால் தேய்ந்துபோன பின்னர் அந்த மூன்று படிகளும் மாமிக்கு மூன்று மலைகளாகிவிட்டன. ஒருமுறை அவை வழியாக இறங்கும்போது தடுமாறியவர், அதற்குப் பிறகு இறங்கவேயில்லை. முன்வாசலிலும் படிகள்தாம். வைத்தியரைப் பார்க்கப் போகும் நாட்களிலே இருவர் கைபிடித்து இறக்குவோம். மற்ற நாட்களில் மாமி கண்ணாடிக்கு உட்புறம் ஒரு கதிரையிலே அமர்ந்திருப்பார்.

“தம்பி, வெய்யில் கண்ணுக்குத் தெரியுது. மேலிலை படேல்லை” என்று ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, வானிலை அறிக்கை வாசிப்பவரைப் போலச் சொன்னார். சில மாதங்களின் பின், தன்னை நயினாதீவுக்கு அனுப்பிவிடும்படி கேட்கத் தொடங்கினார். அங்கே அவரைப் பார்ப்பதற்கு எவருமில்லை என்பது அவருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்டது ஊரையன்று, ஒரு திண்ணையை என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

கனடாவிலே கோடை குறுகியது. மே மாதத்தின் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபரின் தொடக்கம் வரை என்று வைத்துக்கொண்டால் ஐந்து மாதங்கள்கூட நிறைவாக இல்லை. எண்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு இன்னும் எத்தனை கோடைகள் இருக்கும் என்று கணக்குப் பார்ப்பது மரியாதையன்று. ஆனாலும் மனம் கணக்குப் பார்த்தது. மரத்திண்ணை ஒன்று அமைப்பதென்று முடிவு செய்தோம். அது 2023 ஆம் ஆண்டின் வசந்தம்.

ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்தோம். வந்தார், அளந்தார், ஒரு தொகை சொன்னார். ஓய்வூதியக்காரனான எனக்கு மூச்சு நின்றுவிட்டது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்திலே வட அமெரிக்காவில் மரத்தின் விலை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டுப் பின்னர் இறங்கியிருந்தது. மரம் இறங்கினாலும் கூலி இறங்கவில்லை. அதைவிட எனக்கு உறுத்தியது அவருடைய திட்டம். தூண்களுக்கு இரண்டு அடி ஆழம் போதும் என்றார். மறுபக்கத்தை வீட்டின் செங்கற் சுவரிலே திருகாணியால் இறுக்கிவிடலாம் என்றார்.

அன்று மாலை நெடுந்தீவைச் சேர்ந்த அண்ணை ஒருவரோடு தொலைபேசியிற் பேசினேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நகரத்திலே வீடுகளுக்கு மரச்சட்டம் அடித்து, இப்போது ஓய்வு பெற்றிருப்பவர். ஒப்பந்தக்காரரின் திட்டத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “தம்பி, உங்கட காசு மேலை இல்லை. மண்ணுக்குக் கீழை கிடக்குது. அதை முதல் விளங்கிக்கொள்ளுங்கோ” என்றார். மறுநாள் காலையிலே வந்து விளக்கமும் சொன்னார்.

அவர் சொன்னதை என்னுடைய மொழியிலே தருகின்றேன். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கின்றது. மாரியிலே மண்ணுக்குள் இருக்கும் ஈரமும் அப்படியே உறைந்து பருக்கின்றது. அத்தோடு நிற்பதில்லை. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப் போல, உறையும் மண் தனக்குக் கீழே இருக்கும் ஈரத்தையும் மேலே இழுத்து அதனையும் உறையவைக்கின்றது. இவ்வாறு மண்ணுக்குள்ளே பனிக்கட்டி அடுக்கடுக்காகத் தடித்துக்கொண்டு போகும். அதன்மேல் இருப்பது எதுவாயினும், கல்லோ தூணோ வேலியோ, மேலே தூக்கப்படும். வசந்தத்தில் எல்லாம் உருகும்போது அது கீழே இறங்கும். ஆனால் இருந்த இடத்துக்கே சரியாக இறங்குமென்று சொல்ல முடியாது.

ரொறன்ரோவைச் சூழ்ந்த பகுதிகளிலே இந்த உறைவு 4 அடி, அதாவது 1.2 மீற்றர் ஆழம் வரை போகும் என்று கொண்டே அத்திவாரங்கள் அமைக்கப்படுகின்றன. நம்முடைய வீடுகளின் நிலவறை அதற்கும் கீழே நிற்பதால் வீடு அசைவதில்லை. இரண்டு அடி ஆழத்தில் நிற்கும் தூண் கட்டாயம் அசையும். அதன் அடியிலே மண் தூக்கும்; பக்கங்களையும் உறைந்த மண் பற்றிப் பிடித்து இழுக்கும். அசையாத வீட்டோடு ஒரு பக்கத்தையும், அசையும் மண்ணோடு மறுபக்கத்தையும் பிணைத்தால் என்ன நடக்கும்? ஒவ்வொரு மாரியிலும் திண்ணை முறுக்கப்படும். ஆணி கொஞ்சங் கொஞ்சமாகக் கழலும்.

செங்கற் சுவரைப் பற்றியும் அண்ணை சொன்னார். இங்கே பல வீடுகளிலே வெளியே தெரியும் செங்கல், மரச்சட்டகத்துக்குப் போர்த்திய போர்வைதான். அது தன் பாரத்தைத் தானே தாங்கும். பிறர் பாரத்தைத் தாங்குவதற்கு அமைந்ததன்று. நமது ஊரிலே சுவர் என்றால் சுவர். யானை சாய்ந்தாலும் நிற்கும். இங்கே சுவரைக் கண்டு ஏமாறக்கூடாது. வட அமெரிக்காவிலே இவ்வகை மேடைகள் இடிந்து விழுவதற்கான முதன்மையான காரணங்களுள் ஒன்று, வீட்டோடு பொருத்திய சட்டம் கழன்று போவதுதான். பிறந்தநாள் விழாவிலே இருபது பேர் ஏறி நிற்கும் நேரத்திலேதான் அது கழலும்.

ஆகவே இரண்டு வழிகள் மட்டுமே உண்டு. ஒன்று, 4 அடிக்குக் கீழே துளைத்து, கொங்கிறீற் தூண் நிறுத்துவது, அல்லது இரும்புத் திருகுத் தூண்களை இயந்திரத்தால் முறுக்கி இறக்குவது. அது உறுதியான வழி. உயரமான திண்ணைக்கும், கூரை போட விரும்புவோருக்கும், வீட்டோடு இணைக்க விரும்புவோருக்கும் வேறு வழி கிடையாது. இரண்டாவது, நிலம் அசையும் என்பதை ஏற்றுக்கொண்டு, தாழ்வான திண்ணையை வீட்டோடு எந்த இடத்திலும் தொடுக்காமல் தனியே நிற்க வைப்பது. நிலம் எழும்பினால் அதுவும் முழுவதுமாக எழும்பும். நிலம் இறங்கினால் அதுவும் இறங்கும். தோணி அலையில் ஏறி இறங்குவதைப் போல. தோணியைக் கரையிலே இறுக்கிக் கட்டினாற்றான் உடையும். குறிகட்டுவானிலே படகு காத்திருக்கும்போது கயிற்றைத் தளர்த்தி விட்டிருப்பார்களே, அதுதான் கணக்கு. நெடுந்தீவுக்காரருக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

குறைந்த செலவு என்று நான் தலைப்பட்ட விடயம் இந்த இரண்டாவது வழியிலேதான் இருக்கின்றது. மலிவான மரம் வாங்குவதாலோ, ஆணியைக் குறைப்பதாலோ செலவு குறைவதில்லை. வீட்டைத் தொடாமலும் தாழ்வாகவும் அமைப்பதால் ஆழமாகத் தோண்டும் செலவு முழுவதும் இல்லாமற் போகின்றது.

எங்கள் கதவின் நிலை, தரையிலிருந்து 22 அங்குல உயரத்தில் இருக்கிறது. மேற்பரப்பை அதைவிட 4 அங்குலம் தாழ்த்தி 18 அங்குலத்தில் வைத்தோம். இதற்கு இரண்டு காரணங்கள். உருகும் பனிநீர் வீட்டுக்குள் வரக்கூடாது. மாரியில் திண்ணை எழும்பினாலும் கதவில் முட்டக்கூடாது. ஒன்ராறியோவிலே நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ 24 அங்குலத்துக்கு, மேற்படும் மேடைக்குக் கட்டாயமாகக் கைப்பிடி வேலி வேண்டும். பொதுவாக நகரசபையின் கட்டட அனுமதியும் வேண்டும். எங்களுடையது அதற்குட்பட்டது. ஆனாலும் எல்லை வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்பன போன்ற விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுவதால், நகரசபைக்குப் போய்க் கேட்டுவிட்டே தொடங்கினோம். கேட்பதற்குப் பணம் வாங்குவதில்லை. நிலத்தடியிலே செல்லும் எரிவாயுக் குழாயையும் மின்கம்பியையும் நிறக்குறியிட்டுக் காட்டுவதற்கும் பணம் வாங்குவதில்லை. ஓர் அடி தோண்டுவதாயினும் அதனைச் செய்விக்காமல் தோண்டக்கூடாது.

திண்ணையின் அளவு 12 அடிக்கு 10 அடி. நான்கு கதிரையும் ஒரு சிறு மேசையும் வைக்கப் போதும். எட்டு இடங்களிலே மேல்மண்ணையும் களியையும் வெட்டி அகற்றி, சல்லிக்கல் நிரப்பி இடித்து இறுக்கினோம். இதுதான் வேலையின் உயிர். மண் தூக்குவதற்குக் குளிர், ஈரம், ஈரத்தை உறிஞ்சும் மண் ஆகிய மூன்றும் சேரவேண்டும். குளிரை நாம் ஒன்றும் செய்ய முடியாது. சல்லிக்கல் ஈரத்தை நிற்கவிடாது, மேலே உறிஞ்சவும் மாட்டாது. கூரையிலிருந்து வடியும் நீர் அந்தப் பக்கம் வராதபடி பீலியையும் திருப்பிவிட்டோம். சல்லியின்மேல் எட்டுச் சீமெந்துக் கட்டைகள். அவற்றின்மேல், இரண்டு பலகைகளை இணைத்துச் செய்த இரண்டு வளைகள். வளைகளுக்குக் குறுக்கே, 16 அங்குலத்துக்கு ஒன்றாகப் பத்துச் சட்டங்கள். அவற்றின்மேல் இருபத்திரண்டு பலகைகள். வீட்டுச் சுவருக்கும் திண்ணைக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி.

ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 190 கிலோ பாரத்தைத் தாங்கவேண்டும் என்பதே இத்தகைய மேடைகளுக்கான பொதுவான கணக்கு. மனிதரும் பனியும் அதற்குள் அடக்கம். சட்டங்களின் அளவை அந்தக் கணக்கின்படியே அண்ணை தெரிந்தார். இந்த இடத்திலே மிச்சம் பிடிக்கக்கூடாது. பலகை ஒன்று பழுதானால் மாற்றலாம். சட்டம் வளைந்தால் எல்லாவற்றையும் பிரிக்கவேண்டும்.

மரத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். உளுக்காதபடி மருந்து செலுத்திய மரமே இங்கே மலிவானது. 2003 ஆம் ஆண்டின் முடிவு வரை வீட்டுப் பாவனைக்கான மரத்திலே ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த மருந்தைச் செலுத்தினார்கள். பின்னர் அதனை நிறுத்திச் செம்பு கலந்த மருந்துகளுக்கு மாறினார்கள். இதிலிருந்து இரண்டு காரியங்கள் பிறக்கின்றன. யாராவது பழைய மேடையைப் பிரித்த மரத்தை இலவசமாகத் தருவதாகச் சொன்னால், அதன் வயதைக் கேளுங்கள். பழைய நஞ்சு மரத்தை எரிக்கவும் கூடாது. கத்தரியும் மிளகாயும் நடும் பாத்திக்கு வரம்பாகப் போடவும் கூடாது. அடுத்தது, செம்பு மருந்து சாதாரண இரும்பை விரைவில் அரித்துவிடும். துத்தநாகம் கனமாகப் பூசிய திருகாணியோ, இத்தகைய மரத்துக்கென்று செய்யப்பட்ட திருகாணியோ மட்டுமே பாவிக்க வேண்டும். கடற்கரை வீடுகளிலே உப்புக்காற்று ஆணியைத் தின்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று. மரம் உறுதியாக நிற்க, ஆணி பொடியாகி விழுந்த கூரைகளை நாங்கள் கண்டிருக்கின்றோம். அறுத்த முனைகள் யாவற்றுக்கும் மருந்து பூசினோம். அறுத்த இடத்தில் மருந்து ஏறாத உட்புறம் வெளியே தெரியும். நீர் அவ்வழியாகத்தான் நுழையும்.

பலகைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்ற கேள்வி வந்தபோது அண்ணை தன் ஊர்க் கல்வேலியை நினைவூட்டினார். நெடுந்தீவுக்குச் சென்றவர்கள் அந்த வேலிகளை மறந்திருக்க மாட்டார்கள். சாந்து இல்லாமல் முருகைக்கல்லை வெறுமனே அடுக்கியிருப்பார்கள். கல்லுக்குக் கல் இடைவெளி. சோளகக் காற்று அவ்விடைவெளிகளினூடே ஊடுருவிப் போய்விடும், வேலி நிற்கும். “காத்துக்கும் தண்ணிக்கும் வழி விட்டால் அதுகள் ஏன் சண்டைக்கு வருகுதுகள்?” என்றார். கடையிலிருந்து ஈரமாக வந்த பலகைகளை நெருக்கியே பொருத்தினோம். அவை காய்ந்து சுருங்கும்போது வேண்டிய இடைவெளி தானாகவே வந்துவிட்டது. காய்ந்த பலகையாக இருந்தால், தொடக்கத்திலேயே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக விட்டுவிடவேண்டும்.

மூன்று சனி, ஞாயிறுகளில் வேலை முடிந்தது. மைத்துனரும் மகனும் நானும் கூலி. அண்ணை தலைமை ஓடாவியார். அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். மாமியின் கையால் ஒடியற் கூழ் கேட்டார், அது கிடைத்தது. மரம், கட்டை, சல்லி, திருகாணி எல்லாம் சேர்த்து, ஒப்பந்தக்காரர் சொன்ன தொகையில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகவே செலவானது. கதவுக்கும் திண்ணைக்கும் நடுவேயுள்ள 4 அங்குலத்தை, சரிவான ஒரு பலகையாலே இணைத்தோம். அதுவும் ஒரு பக்கத்தில் மட்டுமே பொருத்தப்பட்டது. மறுபக்கம் வழுக்கிச் செல்லும். பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடியைத் திண்ணையிலேயே நிறுத்தினோம்.

மாமி முதல்நாள் வெளியே வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. நடுப்பகுதி வரை நடந்துபோய், நின்று, அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பி, “கதிரை வேண்டாம் தம்பி. ஓரத்திலை ஒரு குந்து அடிச்சுத் தாருங்கோ. ஆரும் வந்தால் இருக்கலாம்” என்றார். யார் வரப்போகிறார்கள் என்று எனக்குள்ளே ஒரு கேள்வி. இருந்தாலும் மிஞ்சிய மரத்திலே ஒரு குந்து அடித்தோம்.

ஆள் வந்தது. வேலிக்கு அப்பால் இத்தாலியிலிருந்து வந்து அறுபது ஆண்டுகளாக இங்கே வாழும் ஒரு மூதாட்டி இருக்கின்றார். அவருக்கும் மாமிக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லை. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு கூடை தக்காளியோடு வந்து குந்திலே அமர்ந்தார். மாமி மிளகாய்க் கன்று கொடுத்தார். இருவரும் தத்தம் மொழியிலே முழங்காலைத் தொட்டுக் காட்டி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னர் நயினாதீவுக்கு அனுப்பும்படி மாமி கேட்கவில்லை. ஊரைப் பற்றிப் பேசுவது குறையவில்லை, கூடியது. முன்னர் ஊரைப் பற்றிப் பேசும்போது போக வேண்டும் என்று முடிப்பார். இப்போது இருந்தது என்று முடிக்கின்றார். இதனை மகிழ்ச்சியான செய்தியாகக் கொள்வதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதல் மாரி வந்தது. கதவு நிலையிலே பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். பத்திரிகைக்காரனுக்கு எதையும் சரிபார்க்காமல் விட முடியாது. சனவரியிலே திண்ணை கால் அங்குலத்துக்குச் சற்று மேலாக எழும்பியிருந்தது. ஏப்ரல் கடைசியில் இறங்கிவிட்டது; ஒரு மூலை மட்டும் சிறிது உயர்ந்தே நின்றது. அண்ணை வந்து அந்தக் கட்டையின் கீழே சல்லியைத் தோண்டிச் சமப்படுத்தினார். அரைமணி நேர வேலை. ஆண்டுதோறும் இப்படிப் பார்க்க வேண்டுமா என்று என் மகன் கேட்டான். “ஊரிலை வருசா வருசம் பனையோலை மாத்தி வேயேல்லையோ?” என்று திருப்பிக் கேட்டார் அண்ணை. வேலியும் கூரையும் ஆண்டுதோறும் மனிதக் கையை எதிர்பார்த்திருந்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது ஒரு பாரமா?

பனியை அகற்றுவதற்கு இரும்புச் சவளைப் பாவிக்காமல், பிளாஸ்ரிக் சவளால் பலகை ஓடும் திசையிலே தள்ளவேண்டும். உப்பு தூவாமல், வழுக்காதிருக்க மணல் தூவினாற் போதும். உப்பு ஆணிக்குப் பகை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நீர் ஒட்டாத பூச்சு ஒன்று பூசினால் பலகை நீண்ட நாட்கள் உழைக்கும்.

நான் பொறியியலாளன் அல்லன். உயரமான திண்ணைக்கோ கூரையுள்ள திண்ணைக்கோ இந்தக் கட்டுரையை நம்பி இறங்கவேண்டாம்; அறிந்தவரைக் கேளுங்கள். ஆனால் தாழ்வான கதவும், சிறிய வருவாயும், வீட்டிலே ஒரு முதியவரும் உள்ள குடும்பங்கள் இந்த நகரத்திலே ஏராளம் என்பது எனக்குத் தெரியும். விருந்துக்கும் இறைச்சி வாட்டுவதற்கும் என்று எண்ணி, வசதி வந்தபின் பார்ப்போம் என்று தள்ளிப்போடுகின்றார்கள். அதற்குள் கோடைகள் கழிந்துவிடுகின்றன. மரமும் சல்லியும் அடுத்த ஆண்டும் கடையிலே கிடைக்கும்.

இதனை வாசித்து முடித்ததும் எழுந்து சென்று, உங்கள் பின்கதவுக்கு வெளியே எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் படிகளிலே கடைசியாக உங்கள் வீட்டு மூத்தவர் எப்போது இறங்கினார் என்று வீட்டிலே கேட்டும் பாருங்கள்.